பொறுமையும் ‘நாளை’யும்: தேம்பாவணியின் வளனும் தில்லை மரபின் நந்தனும்

ஆய்வுச் சுருக்கம்

இறைவன் குறித்த வேளைக்காகக் காத்திருத்தல் கிறித்தவ நெறியின் அடிப்படை அறங்களுள் ஒன்று. தமிழில் இவ்வறத்தை மிக விரிவாகப் பாடிய காப்பியம் வீரமாமுனிவரின் தேம்பாவணி. அதன் தலைவன் வளன் காத்திருப்பவன். தேம்பாவணி ஆசிரியரின் பணிக்களங்களுள் ஒன்றான கோணான்குப்பம் இன்றைய கடலூர் மாவட்டத்தில் உள்ளது. அதே மாவட்டத்துச் சிதம்பரத்தை மையமாகக் கொண்டு வழங்குவது, ‘நாளை’ என்ற சொல்லையே பெயராகப் பெற்ற நந்தனின் கதை. இவ்விரு மரபுகளையும் எதிரெதிர் வைத்து, பொறுமை எப்போது இறைப்பற்றாகிறது, எப்போது பிறர் சுமத்தும் தடையாகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. காத்திருத்தலுக்கான விலையை யார் கொடுக்கிறார், அதனால் யார் காக்கப்படுகிறார் என்னும் வினா இங்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தேம்பாவணி, வளன், நந்தன், திருநாளைப்போவார், நீடிய பொறுமை, யாக்கோபு நிருபம், புதிய நந்தன்.

முன்னுரை

தேம்பாவணி பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் மூன்று தடங்களில் செல்கின்றன. கம்பராமாயணம், சீவக சிந்தாமணி ஆகியவற்றின் செல்வாக்கைத் தேடுவது ஒன்று. விவிலியச் செய்திகள் தமிழ் மரபுக்கேற்ப மாற்றப்பட்டதைப் பட்டியலிடுவது இன்னொன்று. அணி, யாப்பு நலங்களை எடுத்துக்காட்டுவது மூன்றாவது. மூன்றும் பயனுடையவையே. ஆயினும், நற்செய்தி நூல்களில் ஒரு சொல்லும் பேசாத ஒருவனை 3615 பாடல்களின் தலைவனாக்கியது எத்தகைய துணிவு என்ற வினா அவற்றுள் போதிய அழுத்தம் பெறவில்லை. மத்தேயு, லூக்கா ஆகிய இரு நற்செய்திகளிலும் சூசை பேசியதாக ஒரு தொடரும் பதிவாகவில்லை. மத்தேயுவில் அவர் உறங்குகிறார், கனவு காண்கிறார், எழுந்து, சொன்னதைச் செய்கிறார். செயல் என்று சொல்லத்தக்கது அவ்வளவே. எஞ்சியது காத்திருத்தல்.

காத்திருப்பவனைத் தலைவனாக்கிய காப்பியத்தை மதிப்பிட வேண்டுமாயின், காத்திருத்தல் என்ற அறத்தையே மதிப்பிட்டாக வேண்டும். அந்த மதிப்பீட்டிற்குத் தேம்பாவணியை மட்டும் வைத்துக்கொள்வது போதாது. பொறுத்திரு என்ற சொல் தமிழ் மண்ணில் யாரை நோக்கிச் சொல்லப்பட்டது என்பதையும் உடன்வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு நந்தன் கதையை விடப் பொருத்தமான சான்று இல்லை.

பொறுமை என்னும் சொல்

தமிழில் ‘பொறு’ என்னும் வினையடி சுமையோடு தொடர்புடையது. பொறுத்தல் என்பது தாங்குதல். தூண் கூரையைப் பொறுக்கிறது. ‘பொறை’ என்ற சொல்லுக்குச் சுமை, பாரம் என்ற பொருள்களும் உண்டு. திருக்குறளின் 16-ஆம் அதிகாரமாகிய பொறையுடைமை நிலத்தை உவமையாகக் கொண்டு தொடங்குவதன் காரணமும் இதுவே. அங்குப் பேசப்படுவது பிறர் செய்த தீங்கைத் தாங்குதல். காலம் அங்கு முதன்மையான கூறு அன்று. காலத்தைப் பற்றிய அறிவு அதே நூலில் வேறோர் இடத்தில், பொருட்பாலின் காலமறிதல் என்னும் 49-ஆம் அதிகாரத்தில் உள்ளது. கொக்கும் பின்வாங்கும் ஆட்டுக்கடாவும் அங்கு உவமைகளாகின்றன. அங்குக் காத்திருப்பவன் அரசன். அவன் காத்திருப்பது பகையை வெல்ல; வேளையை அறிபவனும் அவனே.

ஆக, தாங்குதலும் வேளைக்குக் காத்தலும் வள்ளுவத்தில் இரு வேறு இயல்களுக்கு உரியன. முன்னது இல்லறத்தானுக்கு; பின்னது ஆள்வோனுக்கு. கிறித்தவம் தமிழுக்குக் கொண்டுவந்த கருத்து இவ்விரண்டையும் இணைப்பது. தாங்குகிறவனே காத்தும் இருக்கிறான்; ஆனால் வேளையை அறிந்தவன் அவனல்லன், இறைவன். இந்த இணைப்பு மொழிபெயர்ப்பாளர்க்கு இடர் தந்திருக்க வேண்டும். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இதற்கு இரு சொற்கள் உள்ளன. ‘ஹுப்பொமொனே’ என்பது சுமையின் கீழ் நிலைத்திருத்தல். அதற்குப் ‘பொறுமை’ இயல்பாகப் பொருந்தியது. ‘மக்ரோதுமியா’ என்பதன் முற்பாதி ‘நீண்ட’ எனப் பொருள்படுவது. தமிழ் விவிலியம் அதனைப் பெரும்பாலும் ‘நீடிய பொறுமை’ என்றும், சில இடங்களில் ‘நீடிய சாந்தம்’ என்றும் தருகிறது. எடையைக் குறித்த ஒரு சொல்லுக்கு ‘நீடிய’ என்ற அடைமொழியால் காலம் சேர்க்கப்பட்டது. இன்று சபைகளில் பழகித் தேய்ந்துபோன தொடர் இது. ஆனால் தமிழ்ச் சிந்தனையில் ஒரு புதிய அறம் நுழைந்த தடம் அந்த அடைமொழியில் இருக்கிறது.

கோணான்குப்பமும் காப்பியமும்

கான்சுடன்சோ யோசேப்பு பெஸ்கி 1680-இல் இத்தாலியில் பிறந்தவர். சேசு சபைத் துறவி. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகம் வந்தார். அவர் பெயரோடு இணைத்துப் பேசப்படும் ஏலாக்குறிச்சி கொள்ளிடத்தின் வடபால், இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ளது. விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் அவர் எழுப்பிய ஆலயத்தின் அன்னைக்குப் பெரியநாயகி என்று பெயர். விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலிலும் கடலூர்த் திருப்பாதிரிப்புலியூர்ப் பாடலீசுவரர் கோயிலிலும் இறைவியின் பெயர் பெரியநாயகியே. வட்டார மக்களின் செவிக்குப் பழகிய ஒரு பெயரை முனிவர் எடுத்தாண்டிருக்கிறார். காப்பியத்திலும் அவர் செய்தது இதுவே: பெயர்களைத் தமிழாக்கினார், நிலத்தைத் தமிழாக்கினார். சூசை வளன் ஆனார்.

1726-இல் நிறைவுற்றதாகக் கொள்ளப்படும் தேம்பாவணி 3 காண்டங்களும் 36 படலங்களும் உடையது. எசுப்பானியத் துறவி ஆகிர்தா மரியாளின் நூல் அதற்கு ஒரு மூலம் என்பது ஆய்வாளர் ஏற்ற கருத்து. நூற்பெயரை வாடாத மாலை என்றும் தேன் போன்ற பாக்களாலான அணி என்றும் இருவகையாகப் பிரித்துப் பொருள் கொள்வர். முதல் பொருளே காப்பியத்தின் உள்ளீட்டுக்கு நெருக்கமானது. வாடாமை என்பது காலத்தை எதிர்கொண்டு நிற்றல்.

தண்டியலங்காரம் பெருங்காப்பியத்துக்கு வகுத்த உறுப்புகளுள் போரும் வெற்றியும் உண்டு. வாள் ஏந்தாத தச்சனை வைத்துக்கொண்டு முனிவர் என்ன செய்ய முடியும்? அவர் கண்ட வழி, போர்களைக் கிளைக்கதைகளுக்குள் தள்ளியது. எகிப்து நோக்கிய பயணத்தின் இடையே சோசுவன், சேதியோன் முதலிய பழைய ஏற்பாட்டு வீரர்களின் வெற்றிகள் கதைகளாகச் சொல்லப்படுகின்றன. இவை காப்பிய இலக்கணத்தை நிறைவிக்கச் சேர்த்த ஒட்டுகள் என்று கருதுவோர் உண்டு. ஓரளவு அது உண்மையே; சில இடங்களில் கிளைக்கதை அடிமரத்தை மறைத்தும் விடுகிறது. ஆனால் அவை அமைந்த இடம் கருதத்தக்கது. வெற்றிக் கதைகளைக் கேட்டுக்கொண்டு நடப்பவன், ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாட்டை விட்டு ஓடுகிறவன். இறைவன் முன்பு எப்போதோ செயல்பட்டதை நினைவுகூர்வதும், இப்போது அவன் செயல்படாதிருப்பதைத் தாங்குவதும் ஒரே பாதையில் நிகழ்கின்றன. அந்த இடைவெளியை நினைவால் நிரப்புவதே விவிலியம் காட்டும் காத்திருத்தல்.

வளனின் மூன்று காத்திருப்புகள்

முதற் காத்திருப்பு ஐயத்தின் காத்திருப்பு. மரியாள் கருவுற்றிருப்பதை வளன் அறிகிறான்; காரணம் அறியான். மத்தேயு சில வசனங்களில் சொல்லி முடித்த இந்நிகழ்ச்சியை முனிவர் ஐயந்தோற்று படலம், ஐயநீங்கு படலம் என அடுத்தடுத்த இரு படலங்களாக விரித்தார். ஐயம் தோன்றுவதற்கும் நீங்குவதற்கும் இடையே ஒரு படலத்தின் முடிவு வருகிறது. பொருத்தமான அமைப்பு இது. கேட்போரும் காத்திருக்க வேண்டியுள்ளது.

தமிழ்க் காப்பிய மரபில் ஐயத்துக்குள்ளான மனைவியின் நிலை எளிதன்று. இராமன் முன் சீதை தீப்புகுந்த காட்சி கம்பனைக் கற்ற எவர் நெஞ்சிலும் இருக்கும். முனிவர் கம்பனை நன்கு கற்றவர். அந்த நினைவோடு இப்படலங்களைப் படிக்கையில்தான் வளன் செய்யாதவற்றின் பெறுமதி விளங்குகிறது. மோசேயின் சட்டம் அவனுக்கு ஆயுதம் தந்திருந்தது. ஊரைக் கூட்டிக் குற்றம் சாட்டியிருக்கலாம். அதன் விளைவு கல்லெறிதலாகவும் இருந்திருக்கலாம். அவனோ அவளை இழிவுபடுத்த விரும்பாமல் மறைவில் விலகிவிட எண்ணுகிறான். அந்த எண்ணத்திலும் விரையாமல் உறங்கப் போகிறான். கனவில் விளக்கம் வருகிறது. இங்குப் பொறுமை என்பது வலிமையற்றவனின் நிலை அன்று. ஆற்றல் உடையவன், அதைச் செலுத்தும் உரிமை உடையவன், தன் கையைத் தானே கட்டிக்கொள்கிறான். காத்திருக்கும் வேதனை அவனுடையது. அதனால் காக்கப்படுபவள் அவனினும் வலியற்ற நிலையில் இருப்பவள்.

இரண்டாவது காத்திருப்பு எகிப்தில். மத்தேயுவின்படி வானவர் கட்டளையில் நாள் குறிக்கப்படவில்லை. மறுமொழி வரும் வரை அங்கேயே இருக்கச் சொல்லப்படுகிறது. அகதி வாழ்வின் இயல்பே இதுதான். எப்போது ஊர் திரும்பலாம் என்று எவரும் சொல்வதில்லை. ஈழத்திலிருந்து கடல் கடந்து வந்து முகாம்களில் ஆண்டுகளைக் கழித்தோரை அறிந்த தமிழ் வாசகர்க்கு இப்பகுதி முனிவர் கருதியதினும் மிகுதியாகப் பேசும்.

ஆனால் இங்கேதான் இறைவனின் வேளை என்ற கருத்து தன் கடுமையான சோதனையையும் சந்திக்கிறது. ஒரு குழந்தை தக்க வேளையில் காப்பாற்றப்பட்டது. பெத்லெகேமின் மற்றக் குழந்தைகள் காப்பாற்றப்படவில்லை. முனிவர் இதை மறைக்காமல் குழவிகள் வதைக்கென ஒரு படலமே வகுத்தார். அது அவருடைய நேர்மை. கொல்லப்பட்ட குழந்தைகளை மறைசாட்சிகளாகக் கண்டு ஆறுதல் கொள்வது திருச்சபை மரபு. மத்தேயு நற்செய்தியோ அவ்விடத்தில், ஆறுதலை ஏற்க மறுத்த ராகேலின் அழுகையை எரேமியாவிலிருந்து எடுத்து வைத்துவிட்டு நகர்கிறது. அந்த மறுப்புக்கு விடை எழுதவில்லை. எல்லாம் அவன் வேளையில் நடக்கும் என்று எளிதாகச் சொல்லப்படும் ஆறுதல்கள் அனைத்தும் இந்த ஓரிடத்தைக் கடந்தாக வேண்டும், பெரும்பாலானவை கடப்பதில்லை.

மூன்றாவது, நோயும் இறப்பும். இயேசு வெளிப்படப் பணி தொடங்குமுன்னரே வளன் நோயுற்று இறக்கிறான். எதற்காக ஐயத்தையும் நாடிழத்தலையும் தாங்கினானோ அதன் நிறைவை அவன் உயிரோடு காணவில்லை. எபிரெயர் நிருபத்தின் 11-ஆம் அதிகாரம், வாக்களிக்கப்பட்டதைப் பெறாமலேயே விசுவாசத்தோடு இறந்தோரின் வரிசையை அடுக்குகிறது. வளன் அவ்வரிசையின் கடைசி மனிதன் எனலாம். காப்பியம் அவன் இறப்போடு முடியவில்லை. உயிர்ப்புக்குப் பின், இறுதிப் படலத்தில் அவன் முடி சூடுகிறான். கம்பனின் முடிசூட்டு படலத்தை நினைவூட்டும் பெயர். ஆனால் இராமன் 14 ஆண்டுகளில் அயோத்தி திரும்பி முடி பெற்றான். வளனின் முடி கல்லறைக்கு அப்பால் இருக்கிறது. பொறுமைக்கு இவ்வுலகில் பரிசு உண்டு என்று தேம்பாவணி உறுதி கூறவில்லை. இன்றைய செழிப்பு உபதேசங்களோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு கண்டிப்பானது என்பது புலனாகும்.

தில்லையின் எல்லையில்

சுந்தரர் தொகையில் இடம்பெற்று, சேக்கிழாரால் 12-ஆம் நூற்றாண்டில் விரித்துப் பாடப்பட்ட திருநாளைப்போவார், கொள்ளிடக் கரைப் பகுதியின் ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர். கோயில் முரசுகளுக்குத் தோலும் யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுத்தவர். அவர் கொடுத்த தோல் கோயிலுக்குள் சென்றது. அவர் செல்ல முடியவில்லை. தில்லை செல்லும் வேட்கை எழும், தம் பிறப்பை நினைந்து அடங்கும், மீண்டும் எழும், நாளை போவேன் என்பார். அந்தச் சொல்லே பெயராயிற்று. ஒருவழியாகத் தில்லை சென்ற பின்னும் ஊரின் எல்லையை வலம் வருகிறார். இறைவன் கனவில் தோன்றித் தீப்புகுந்து வரச் சொல்கிறான்.

வளனுக்கும் கனவு, நந்தனுக்கும் கனவு. ஒப்பீடு இங்கே கூர்மை பெறுகிறது. வளனின் கனவு அச்சத்தை நீக்கி, ஐயுறப்பட்டவளை அப்படியே ஏற்கச் சொல்கிறது. நந்தனின் கனவு தகுதியற்றவராகக் கருதப்பட்டவரை நெருப்பின் வழியே மாற்றிய பின் ஏற்கச் சொல்கிறது. சேக்கிழார் நந்தனின் அன்பைக் குறைத்துப் பாடவில்லை. அடியவர் வரிசையில் அவருக்குரிய இடம் உயர்ந்தது. எனினும் கதையமைப்பில், காத்திருந்தவரும் அவரே, விலை கொடுத்தவரும் அவரே. அந்தக் காத்திருப்பினால் காக்கப்பட்டது தில்லையின் ஆசாரம்.

19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் இக்காத்திருப்புக்கு ஒரு முகம் கொடுத்தார். சேக்கிழாரிடம் இல்லாத வேதியர் ஒருவர் அங்கு நிலக்கிழாராக வருகிறார். நந்தன் அவருடைய பண்ணையாள். நாளை என்று தள்ளுவது இப்போது நந்தனின் உள்ளம் அன்று. விடை தர மறுக்கும் முதலாளி. 40 வேலி நிலத்தில் விளைவை முடித்துவிட்டுப் போ என்பது நிபந்தனை. இறையருளால் ஓரிரவில் அது நிறைவேறுகிறது. பெரியபுராணத்திலிருந்து விலகியது என்று இதைக் குறைகூறினோர் பலர். உண்மையில் பாரதியார், புராணம் சொல்லாமல் விட்ட பொருளாதாரத்தைச் சொல்லிவிட்டார். (இந்நூலுக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாரதியார் பலமுறை சென்றதையும், இலக்கண வழுக்களைக் கருதிப் பிள்ளை காலம் தாழ்த்தியதையும், பின் பாட்டைக் கேட்டு உருகியதையும் உ.வே. சாமிநாதையர் பதிவு செய்துள்ளார். ‘நாளை’யின் கதையை எழுதியவரும் ஒரு வாயிலில் காத்திருக்க நேர்ந்தது.)

புதுமைப்பித்தனின் ‘புதிய நந்தன்’ 1930-களில் எழுதப்பட்டது. ஆதனூரின் சேரிச் சிறுவன் ஒருவன் கிறித்தவ மிஷனால் எடுத்துக் கல்வி தரப்பட்டு, பெயரும் மாற்றப்பட்டு, அங்கும் சாதியின் எல்லையில் மோதித் திரும்புகிறான். கதை காந்தி வரும் ரயிலின் முன் முடிகிறது. இக்கட்டுரைக்கு இன்றியமையாத செய்தி அது. தில்லையின் வாயில் மூடியிருந்ததை மட்டும் சொல்லிச் சபையின் வாயில் திறந்திருந்ததாகக் கொள்ளும் ஒப்பீடு பொய்யாகிவிடும்.

சபையின் வாயிலில்

தேம்பாவணி நிறைவுற்ற 1726 ஒரு வழக்கின் நடுவில் வருகிறது. 1704-இல் திருத்தந்தையின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் வெளியிட்ட ஆணை, தமிழகச் சேசு சபையினர் ஏற்றிருந்த உள்ளூர் வழக்கங்கள் பலவற்றைத் தடைசெய்தது. அவற்றுள் ஒன்று: பறையர் எனப்பட்டோரின் வீடுகளுக்குள் குருக்கள் சென்று நோயாளிகளுக்குத் திருவருட்சாதனங்களை வழங்காமை. வீட்டுக்குள் செல்க என்றது ஆணை. உயர்சாதியினர் விலகிவிடுவர் என்று அஞ்சிய மறைப்பணியாளர்கள் விலக்கு வேண்டினர். வழக்கு இழுபட்டது. 1744-இல் 14-ஆம் ஆசீர்வாதப்பர் இறுதி ஆணை பிறப்பித்தபோது கண்ட இணக்கம், அம்மக்களுக்கென்றே தனிக் குருக்களை அமர்த்துவது. இடைப்பட்டது 40 ஆண்டுகள். அத்தனை காலமும் சேரிகளில் நோயுற்றோர் இருந்தனர்.

இச்செய்தியை அருகில் வைத்துத் தேம்பாவணியின் இறுதிப் பகுதியைப் படிப்பது எளிதன்று. வளனின் நோய்ப்படுக்கையருகில் மகனும் மரியாளும் இருக்கிறார்கள். அவன் தனியே காத்திருக்கவில்லை. அதே மறைப்பணிக் களத்தில், கடைசிச் சாதனத்துக்காக வீட்டுக்கு வெளியே கொண்டுவரப்பட வேண்டியவர்கள் இருந்தனர். முனிவரைத் தனியொருவராகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது வரலாற்று நியாயமாகாது. அது ஓர் அமைப்பின் ஏற்பாடு. ஆனால் காப்பியத்தின் பொறுமையைப் போற்றும் திறனாய்வு, அப்பொறுமை யாரிடம் கேட்கப்பட்டது என்பதைச் சொல்லாமல் விடவும் கூடாது. புரட்டஸ்தாந்தத் தரப்பும் தனித்திருக்கவில்லை. 1717-இல் கடலூரில் பள்ளி தொடங்கிய சீகன்பால்குவின் தரங்கம்பாடி மரபும் சாதி இருக்கைகளோடு நெடுங்காலம் உடன்பட்டே சென்றது. லுத்தேரினத்தியல்பு எழுதி அம்மரபை முனிவர் கடுமையாக எதிர்த்தார். இரு தரப்பும் ஏறத்தாழ ஒத்துப்போன இடம் இது ஒன்றே எனலாம்.

முன்மாரியும் கூலியும்

பொறுமை பற்றிய பிரசங்கங்களில் மிகுதியாக எடுத்தாளப்படும் பகுதிகளுள் ஒன்று யாக்கோபு நிருபத்தின் 5-ஆம் அதிகாரம், 7-ஆம் வசனம். முன்மாரிக்கும் பின்மாரிக்கும் காத்திருக்கும் உழவனை அது உவமையாக்குகிறது. பாலஸ்தீனத்தில் முன்மாரி விதைப்புக்கு, பின்மாரி கதிர் முற்றுதற்கு. கடலூர், சிதம்பரப் பகுதியின் மழைக்கணக்கு வேறு: ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவம் பெய்து தீர்த்துவிடும், சில ஆண்டுகளில் புயலாகவும் வரும். இங்குப் பின்மாரி என்று ஒரு பருவமே இல்லை. சொல் மட்டும் வேதத்தின் வழி வந்து நின்றுவிட்டது. உவமை எனினும் விளங்காமல் போகவில்லை, ஏனெனில் காத்திருக்கும் உழவனை இம்மண் நன்கறியும்.

ஆனால் பிரசங்கம் 7-ஆம் வசனத்தில் தொடங்குகையில் எது விடுபடுகிறது என்பதே இங்கு முக்கியம். அதற்கு முந்தைய 6 வசனங்கள் செல்வரை நோக்கியவை. வயலை அறுத்த வேலையாட்களின் கூலியை அவர்கள் பிடித்துவைத்துக்கொண்டதையும், அறுவடையாளரின் கூக்குரல் ஆண்டவரின் செவிக்கு எட்டியதையும் அவை கூறுகின்றன. அதன் பிறகே, ஆகையால் பொறுத்திருங்கள் என்ற அறிவுரை வருகிறது. அந்த ‘ஆகையால்’ நீக்கப்பட்டால் பொறுமை ஒரு பொதுப் பண்பாகச் சுருங்கிவிடும். நீக்கப்படாதபோது அது வேறு பொருள் தருகிறது: உங்கள் வழக்கு பதிவாகிவிட்டது, தீர்ப்பாளர் வருகிறார், அதனால் தளராதீர்கள். யாக்கோபு பேசும் முகவரி நந்தனின் முகவரி. பாரதியாரின் வேதியரிடம் யாக்கோபு பேசுவது முதல் 6 வசனங்களை. சேரிக்கு 7-ஆம் வசனத்தைப் படித்துவிட்டு மாளிகைக்கு முதல் 6 வசனங்களைப் படிக்காமல் விட்டதுதான் தமிழ்ச் சூழலில் பொறுமையின் வரலாறு.

சிதம்பரத்தில் 1916-இல் நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கிய சுவாமி சகஜானந்தர் இவ்விடத்தில் கருதத்தக்கவர். கிறித்தவ மிஷன் பள்ளியில் பயின்றவர். மதம் மாற மறுத்தவர். சைவராகவே இருந்து ஒடுக்கப்பட்டோரின் கல்விக்கும் ஆலய நுழைவுக்கும் உழைத்தவர். ஆலய நுழைவுச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல் வந்தது. இடைப்பட்ட 31 ஆண்டுகளும் அவரும் காத்திருந்தார் என்றே சொல்ல வேண்டும். ஆனால் அக்காத்திருப்பில் வகுப்பறைகள் இருந்தன, சட்டமன்ற உரைகள் இருந்தன. நந்தனின் பெயரை வைத்துக்கொண்டார், நெருப்பை வைத்துக்கொள்ளவில்லை.

நீடிய பொறுமை மனிதனுக்குச் சொல்லப்படுவதற்கு முன் இறைவனின் பண்பாகவே விவிலியத்தில் கூறப்படுகிறது. 2 பேதுரு 3-ஆம் அதிகாரத்தில் தாமதம் என்று மனிதர் எண்ணுவது, ஒருவரும் கெட்டுப்போகலாகாது என்ற இறைவனின் பொறுமையாக விளக்கப்படுகிறது. வலியவன் வலியற்றவனுக்காகக் காத்திருத்தல் அது. வளன் மரியாளுக்காகச் செய்ததும் அந்த வகையைச் சேர்ந்தது. தேம்பாவணியின் முதற் காண்டம் இன்றும் உயிரோடிருப்பதற்குக் காரணம் அதன் வருணனை வளம் மட்டுமன்று. அதிகாரம் உடையவனின் பொறுமையைத் தமிழில் காட்டிய காப்பியங்கள் மிகச் சில. வளனின் ஐயப் படலங்கள் அவற்றுள் முன்நிற்கின்றன.

இறைவன் தன் வேளையை மனிதனுக்கு அறிவிக்காமல் விடுகிறான் என்பதில் விவிலியம் முழுவதும் ஒருமித்து நிற்கிறது; அப்போஸ்தலர் நடபடிகளின் முதல் அதிகாரத்திலேயே அது தெளிவாகச் சொல்லப்படுகிறது. அதே விவிலியம் மனிதன் மனிதனைக் காக்கவைப்பதற்கு மட்டும் காலக்கெடு விதித்திருக்கிறது. உபாகமம் 24-ஆம் அதிகாரத்தின்படி ஏழைக் கூலியாளின் கூலி அந்த நாளிலேயே, பொழுது சாயுமுன் அவன் கையில் கொடுக்கப்பட வேண்டும். 40 வேலி நிலத்தின் வேதியருக்கு நந்தனை நாளை என்று திருப்பியனுப்ப அந்தச் சட்டத்தில் இடமில்லை.